நீல நரி செய்த தப்பு என்ன?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்க தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். ரெண்டு வருஷமா நடக்குது. பத்துப் பதினைந்து பேர் வருவாங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிக் குடியிருக்கிறவங்களுக்கு இந்தக் கூட்டம் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். சில பேர் வீட்டில் தமிழ், சில பேர் வீட்டில் தெலுங்கு (ஆரம்பாக்கம் தாண்டினா ஆந்திராதானே), மீதிப் பேர் வீட்டில் ஒடியாவும் இந்தியும். அப்பாக்களில் பாதிப்பேர் ரோலிங் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போறவங்க.

போன மாசம் ஒரு வாரம் நீல நரி கதை சொன்னேன். எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நாய்கள் துரத்த, நரி ஒன்று சாயத் தொட்டியில் விழுகிறது. நீல நிறத்தோடு காட்டுக்குப் போய் ராஜாவாகிறது. ஒருநாள் மற்ற நரிகள் ஊளையிட, தன்னை மறந்து இதுவும் ஊளையிட்டு மாட்டிக்கொள்கிறது. சிங்கமும் புலியும் அடித்துக் கொன்றுவிடுகின்றன. வழக்கம்போல, "அதனால நாம எப்பவும் நாமாவே இருக்கணும், வேஷம் போடக் கூடாது"ன்னு நீதியும் சொல்லி முடிச்சேன்.

அஞ்சாவது படிக்கிற ஒரு பொண்ணு கையைத் தூக்கினாள். ஒடியாக்காரக் குடும்பம். தமிழ் என்னைவிடச் சுத்தமாகப் பேசுவாள்.

"சார், அது வேஷம் போட்டப்போ யாரும் அடிக்கல. நிஜமா ஊளை விட்டப்போதானே அடிச்சாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரல. அதற்குள் கீழே தெருவிலிருந்து அவள் அம்மா ஒடியாவில் கூப்பிட்டார். இவள் கைப்பிடிச் சுவர் ஓரம் போய், "இதோ வரேம்மா"ன்னு தமிழில் கத்தினாள். அம்மா மறுபடியும் ஒடியாவில் ஏதோ கேட்டார். இவள் மறுபடியும் தமிழிலேயே பதில் சொன்னாள். அந்த அம்மாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது என்று எனக்குத் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இந்தக் கட்டுரை அங்கே ஆரம்பிச்சதுதான்.

மாடிப்படி

என் கதையையும் சொல்லிடறேன், இல்லேன்னா இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு புரியாது. எங்க வீட்டில் பேசுறது தெலுங்கு. படிச்சது தமிழ் மீடியம். பி.இ. முடித்து முதல் வேலைக்குச் சேர்ந்தபோது என் டீமில் எல்லாரும் இங்கிலீஷில் சிரிப்பாங்க, இங்கிலீஷில் கோபப்படுவாங்க. நானும் ஆறு மாசத்தில் நல்லாவே நீலச் சாயம் பூசிக்கிட்டேன். எந்த ஊர்னு கேட்டா "சென்னை பக்கம்"னு சொல்லுவேன். அம்மா போன் பண்ணினால் எழுந்து மாடிப்படிக்குப் போய், கதவு சாத்தியிருக்கான்னு பார்த்துட்டுத்தான் தெலுங்கில் பேசுவேன். கிட்டத்தட்ட நாலு வருஷம். யாரும் என்னைப் போகச் சொல்லல. நானேதான் போனேன்.

அந்தப் பொண்ணு கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்னு தமிழில் கத்தினபோது எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வந்தது. நான் சொன்ன நீதி அவளுக்கு என்ன சொல்லியிருக்கும்? "நீ நீயாகவே இரு" என்றா? "உன் ஊளையை வெளியே விட்டுடாதே" என்றா? கதையில் நடக்கிறதைப் பார்த்தால் ரெண்டாவதுதான்.

கதையை யார், யாருக்கு, எதுக்குச் சொன்னாங்க?

நம்ம வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எர்ரர் மெசேஜை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது, அதை யார் கூப்பிட்டாங்க என்று மேலே மேலே போய்ப் பார்க்கணும். நீல நரிக்கும் அப்படிப் போய்ப் பார்த்தேன்.

பஞ்சதந்திரம் தமிழில் உரைநடையாக அச்சான வரலாறே சுவாரசியமானது. 1826இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் நம் மொழிகளைப் படிக்கச் சென்னையில் வைத்திருந்த கல்விச் சங்கத்தில் அவர் தமிழாசிரியர். அதாவது குழந்தைக் கதை என்று நாம் நினைக்கிறது, அச்சில் முதலில் பெரியவர்களுக்கான பாடப்புத்தகமாகத்தான் வந்தது. மூலமும் அப்படித்தான். மந்தம் என்று பெயரெடுத்த மூன்று ராஜகுமாரர்களுக்கு விஷ்ணுசர்மா ஆறு மாதத்தில் அரசியல் கற்றுக்கொடுக்கிற ஏற்பாடு அது. கதைக்குள் கதையாகப் போகும். ஒவ்வொரு கதையையும் ஏதோ ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம், ஏதோ ஒரு காரியத்துக்காகச் சொல்லும்.

நீல நரிக் கதை முதல் தந்திரத்தில், மித்திரபேதத்தில் வருகிறது. பெயரே நட்பைப் பிரிப்பது என்பதுதான். சொல்கிறவன் தமனகன். அவனே ஒரு நரி. மந்திரி மகனாகப் பிறந்து, பதவி போய், மறுபடி அரண்மனைக்குள் நுழையத் துடிக்கிறவன். கேட்கிறவன் பிங்கலகன் என்கிற சிங்க ராஜா. சிங்கத்துக்கும் சஞ்சீவகன் என்கிற காளைக்கும் ஆழமான நட்பு. வெளியூரிலிருந்து வந்த காளை, காட்டில் ராஜாவுக்கு நெருக்கமாகிவிட்டது. இதைக் கலைக்கத்தான் தமனகன் இந்தக் கதையை எடுத்துவிடுகிறான். அவன் சொல்கிற நீதி, வேஷம் போடாதே என்பது இல்ல. சொந்தக்காரர்களைத் தள்ளிவிட்டு வெளியாட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறவன் அழிவான் என்பது. கடைசியில் சிங்கம் அந்த நல்ல காளையைக் கொன்றுவிடுகிறது. தமனகன் மந்திரியாகிறான்.

ஆக, ஒரு சூழ்ச்சிக்காரன், அப்பாவி வெளியூர்க்காரன் ஒருவனைக் கொல்ல வைப்பதற்காகச் சொன்ன கதை இது. அதைத் தனியாக வெட்டியெடுத்து, கடைசியில் ஒரு நீதியை ஒட்டி, ஒடிசாவிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்த ஒரு குழந்தையிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

கதைக்குள்ளேயும் நாம் விட்டுவிடுகிற இரண்டு விஷயங்கள் இருக்கு. ராஜாவானதும் நீல நரி முதலில் செய்கிற காரியம், தன் இனத்து நரிகளைக் கழுத்தைப் பிடித்துக் காட்டைவிட்டே துரத்துவது. சிங்கத்துக்கும் புலிக்கும் பதவி, சொந்த நரிகளுக்கு அடி. இது ஒன்று. இன்னொன்று, தூரத்தில் நரிகளின் ஊளை கேட்டதும் அதற்கு என்ன ஆகிறது என்பது. மயிர் சிலிர்க்கிறது. ஆனந்தத்தில் கண்ணீர் வருகிறது. அதன்பிறகுதான் எழுந்து ஊளையிடுகிறது. நம்ம பாடப்புத்தக வடிவத்தில் "பழக்க தோஷத்தில் ஊளையிட்டது" என்று ஒரே வரியில் போய்விடுகிற இடம் அது. மூலத்தில் அது தோஷம் மாதிரித் தெரியல. ரொம்ப நாள் கழித்து வீட்டுக் குரலைக் கேட்டவனின் அழுகை மாதிரிதான் இருக்கு.

பின்னால் வந்த ஹிதோபதேசத்தில் கதை மாறுகிறது. அவமானப்பட்ட நரிகள் கூடிப் பேசி, ஒரு கிழ நரியின் யோசனைப்படி, இதை மாட்டிவிடுவதற்கென்றே சாயங்காலத்தில் சேர்ந்து ஊளையிடுகின்றன. பிறவிக் குணம் மாறாது என்கிற பொருளில் ஒரு சுலோகமும் அங்கே சேர்கிறது. நாம் இன்றைக்குக் குழந்தைகளுக்குச் சொல்கிற நீதி இந்தப் பக்கத்துக்குத்தான் நெருக்கம்.

"உன் இடத்தில் இரு"

இதைக் கவனித்த பிறகு வேறு கதைகளும் வரிசையாகக் கண்ணில் பட ஆரம்பிச்சது. மயிலிறகைச் செருகிக்கொண்ட காக்கா, கடைசியில் மயிலிடமும் அடி வாங்கி, காக்காவிடமும் அடி வாங்கும். பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் வரும் எலிப்பெண் கதையில், முனிவர் எலியைப் பெண்ணாக்கி வளர்த்து, சூரியன், மேகம், காற்று, மலை என்று மாப்பிள்ளை தேடி, கடைசியில் அவள் எலியையே விரும்ப, மறுபடி எலியாக்கிவிடுவார். இதைச் சொல்வதும் எதிரி முகாமிலிருந்து தஞ்சம் கேட்டு வந்த காக்கையை நம்பாதே என்று எச்சரிக்கிற ஆந்தை மந்திரிதான். இந்த இடத்தில் அவன் சந்தேகம் சரியாகிப்போகிறது என்பது உண்மை. ஆனால் அது போர்க்கால உளவுத்துறை அறிவுரை. பிள்ளை வளர்க்கிறதுக்கு அதில் என்ன இருக்கு?

பழமொழிகள் இன்னும் நேரடி. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்டது. ஊர்க்குருவி உயர உயரப் பறந்தாலும் பருந்தாகுமா. மூதுரையில் மயில் ஆடுவதைப் பார்த்து வான்கோழி ஆடுவதும் இந்த வரிசைதான். படிக்காதவன் கவிதை சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு அது உவமை. எங்க அப்பாவிடம் நான் பி.இ. சேர்கிறேன் என்றபோது சொந்தத்தில் ஒருத்தர் சொன்னது அந்தப் பூனைப் பழமொழிதான். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

இந்தக் கதைகள் எல்லாம் இப்போது தன்னம்பிக்கைக் கதை, தன்னை ஏற்றுக்கொள்ளும் கதை என்று புதுப்பெயரில் சுற்றிவருகின்றன. "நீ இருக்கிறபடியே அழகு" என்பதும் "நீ இருக்கிற இடத்திலேயே இரு" என்பதும் கேட்க ஒன்றுபோல இருக்கும். எதைக் கதை சொல்கிறது என்று கண்டுபிடிக்க நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். கதையில் யார் மாற வேண்டியிருக்கிறது? யார் தீர்ப்பு சொல்கிறார்கள்? கேலி செய்தவர்களுக்கு என்ன ஆகிறது? நீல நரியில் மாற வேண்டியது நரி. தீர்ப்பு சொல்வது சிங்கமும் புலியும். கேலி செய்தவர்களுக்கு ஒன்றுமே ஆவதில்லை. காக்கா கதையிலும் அதே விடைதான்.

அசிங்கமான வாத்துக்குஞ்சு, விரிசல் பானை

இதற்கு மாற்று என்று எல்லாரும் காட்டுவது ஆண்டர்சனின் அசிங்கமான வாத்துக்குஞ்சு. 1843இல் வந்த கதை. ஆண்டர்சன் செருப்புத் தைக்கிற ஏழைத் தொழிலாளியின் மகன் என்பதால், கதையில் அவர் பட்ட பாடும் இருக்கிறது. வாத்துப் பண்ணையில் அந்தக் குஞ்சு படுகிற அவமானத்தை எத்தனை தடவை படித்தாலும் தொண்டை அடைக்கும். ஆனால் என் மூன்று கேள்வியைப் போட்டுப் பார்த்தால் இதுவும் தேறல. குஞ்சு தப்பிக்கிறது எப்படி? அது உண்மையில் அன்னம் என்பதால். முட்டையிலேயே அன்னம். பிறப்புதான் கைகொடுக்கிறது. அப்போ, நிஜமாகவே அழகில்லாத ஒரு வாத்துக்குஞ்சு அந்தப் பண்ணையில் இருந்திருந்தால் அதன் கதி? கதை அதைப் பற்றிப் பேசவே இல்லை. பண்ணையும் கடைசி வரை அப்படியேதான் இருக்கிறது.

அடுத்தது விரிசல் விட்ட பானை. வாட்ஸப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். தண்ணி சுமக்கிறவரிடம் ரெண்டு பானை, ஒன்றில் விரிசல். ஒழுகுவதை நினைத்து அது வருத்தப்பட, "நீ ஒழுகின பக்கம் பாதையோரம் பூச்செடி வளர்ந்திருக்கு பார்" என்பார். நல்ல கதைதான், நானும் சொல்லியிருக்கேன். ஆனா அந்தப் பக்கம் பூ முளைக்காமல் போயிருந்தால்? குறை எப்படியாவது உபயோகமாக மாறினால்தான் ஏற்றுக்கொள்வோம் என்பது ஒரு நிபந்தனை. மில்லில் விரல் போனவர்களும், கால் போனவர்களும் இருக்கிற தெரு எங்களுடையது. "இந்தக் குறையால் உங்களுக்கு என்ன லாபம்னு பாருங்க" என்று அவர்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஐயா சொன்ன மறுப்பு

இதையெல்லாம் எங்க தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "தம்பி, நீங்க நரிக்கு ரொம்ப வக்காலத்து வாங்குறீங்க. அது பாவம்னு சொல்றீங்களே, ராஜாவானதும் சொந்த சனத்தைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினது யாரு?" என்றார்.

"அது உண்மைதான் ஐயா."

"அப்ப அதையும் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. நிறம் மாறினது தப்பில்ல, தொட்டில விழுந்தா யாருக்கும் நிறம் மாறும். தள்ளிவிட்டது தப்பு. கதையைக் குப்பைல போடாதீங்க, சரியாச் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது என் வாதத்தில் இருந்த ஓட்டை. கதை தப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் அதிலிருந்து வெட்டிப்போட்ட பாகத்தில்தான் விஷயமே இருந்தது. நீலமாக மாறுவது பிழைப்பு. நாய் துரத்தினால் எங்கே வேண்டுமானாலும் விழத்தான் வேண்டும். இங்கிலீஷ் கற்றுக்கொண்டது எனக்குச் சோறு போட்டது, அதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்தப் பொண்ணு தமிழ் கற்றுக்கொண்டது அவள் சாமர்த்தியம். நான் வெட்கப்பட வேண்டியது மாடிப்படிக் கதவைச் சாத்தினதுக்கு. அப்படிச் சாத்த வைத்த அறைக்கும் அதில் பங்கு உண்டு.

பண்ணையை மாற்றுகிற கதை

அந்த அறையையும் கேள்வி கேட்கிற புத்தகம் ஏதாவது இருக்கா? எனக்குத் தெரிந்து முதலில் நினைவுக்கு வருவது டோட்டோ-சான். டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் ஜப்பானில் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகப் படிக்கக் கிடைக்கிறது. முதல் பள்ளியில் சமாளிக்க முடியாது என்று அனுப்பிவிட்ட ஒரு சிறுமி, டோமோயி என்கிற பள்ளியில் சேர்கிறாள். அங்கே தலைமையாசிரியர் கோபயாஷி.

அதில் விளையாட்டுப் போட்டி நாள் ஒன்று வரும். தகாஹாஷி என்கிற பையனுக்குக் கை கால் குட்டை, உயரம் அதற்குமேல் வளராது. அவன்தான் எல்லாப் போட்டியிலும் முதலாவதாக வருகிறான். எப்படி? துணியால் செய்த பெரிய மீனின் வாய்க்குள் நுழைந்து வாலுக்குத் தவழ்ந்து வர வேண்டும். ஒவ்வொரு படியாக ஏறி ஓட வேண்டும். நீளக் கால்காரர்கள் தடுமாறுகிற இடங்களில் குட்டை உடம்பு சர்ரென்று போய்விடும். போட்டிகளைத் தேர்ந்தெடுத்தது கோபயாஷி. ஜெயித்த ஞாபகம் அவனுக்குள் தங்கட்டும் என்றுதான் அவர் அப்படிச் செய்திருப்பார் என்று டெட்சுகோ பின்னாளில் ஊகிக்கிறார். பரிசு என்ன தெரியுமா? காய்கறி. முள்ளங்கி, கீரை என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்று கேள்வியையும் போட்டுப் பாருங்கள். மாறியது யார்? விதி மாறியது. பையனிடம் யாரும் "உன்னை ஏற்றுக்கொள்" என்று பிரசங்கம் செய்யவில்லை. அவனுக்குள் ஒளிந்திருக்கும் அன்னத்தையும் யாரும் தேடவில்லை. அவன் உடம்பும் ஓடக்கூடிய மாதிரி ஒரு மைதானம் அமைத்தார்கள். தன்னம்பிக்கை தானாக வந்தது. இது நடந்த கதை என்பதும் முக்கியம். அந்தப் பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அங்கே படித்த பெண் நாற்பது வருஷம் கழித்தும் மறக்காமல் எழுதினார்.

குழந்தைகளுக்குத் தன்னம்பிக்கைக் கதை வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் இப்போது சொல்வது இதுதான். கதையில் குழந்தை மட்டும் மாறினால் போதாது. சுற்றி இருக்கிறவர்களும் கொஞ்சமாவது நகர வேண்டும். பெரியவர்கள் ஒரு இஞ்சுகூட அசையாமல் குழந்தையை மட்டும் நம்பிக்கையோடு இருக்கச் சொல்கிற கதை, நம் வேலையைக் குழந்தை தலையில் கட்டுகிற கதை.

அடுத்த ஞாயிறு

மறுபடியும் நீல நரியையே சொன்னேன். இந்த முறை துரத்தப்பட்ட நரிகளைப் பற்றி, கண்ணீரைப் பற்றி எல்லாம் சேர்த்து. ஊளை கேட்ட இடத்தில் நிறுத்திவிட்டு, நீதி சொல்லாமல், மீதியை நீங்களே சொல்லுங்க என்றேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. "நரிக்கு உங்க வீட்டில் என்ன பேர்?" தெலுங்கு வீட்டுப் பையன் "நக்க" என்றான். தமிழ்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்க வீட்டிலும் அதே வார்த்தைதான் என்று நான் சொன்னதும் சிரிப்பு இன்னும் பெரிசாச்சு. இந்தி வீட்டுப் பையன் "சியார்" என்றான். அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவாக "பிலுவா" என்றாள். ரெண்டு மூணு பேர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் உச்சரிப்பைத் திருத்தினாள்.

முடிவு ஆளுக்கு ஒன்று. ஒருத்தன் சிங்கத்தை நரி கடித்துவிட்டதாகச் சொன்னான். இன்னொருத்தன் மழை பெய்து சாயம் போய்விட்டது என்றான். அவள் சொன்னது: "அந்த நரிங்க இதை மாட்டிவிடக் கத்தல சார். வீட்டுக்கு வான்னு கூப்பிட்டுச்சுங்க. இது போய் மன்னிப்புக் கேட்டுச்சு. நீலமாவே."

ஹிதோபதேசத்தைவிட இது பழைய மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயத்தைக் கழுவாமலே வீட்டுக்குத் திரும்புகிற நரி, நான் படித்த எந்த வடிவத்திலும் இல்லை.

கதை சொல்கிறவர்களுக்கு ஒரு தகவலும் சொல்லி முடிச்சுக்கறேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015லிருந்து திறந்த உரிமத்தில் குழந்தைக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி எல்லாம் உண்டு. ஒரே கதையை ரெண்டு மொழியில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அடுத்த வாரம் ஒடியா வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அவள் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன். நைட் ஷிப்ட் இல்லேன்னா வரேன்னு சொல்லியிருக்காங்க.